ஐந்தாவது கட்டை

பன்னிரண்டு. பன்னிரண்டு என்று சொல்லிவிடு. எண்ணக்கூட வேண்டாம், வாய்க்கு வந்த எண்ணாக அது வந்துவிட்டால் போதும். இந்த ஒரு தடவை சொல்லிவிட்டாயானால் நான் எழுந்துபோய் உலை வைப்பேன். இன்றைக்கு உன்னை விட்டுவிடுவேன்.

"ஏழு" என்றான் சாலமோன்.

ஷைனி முகத்தை மாற்றிக்கொள்ளாமல் இருக்கப் பார்த்தாள். புருஷன் மடியில் ஒரு தெர்மாகோல் கனசதுரம் இருந்தது. கல்யாணத்துக்கு முன்பு காக்களூரில் ஒரு பேக்கிங் கம்பெனியில் தெர்மாகோல் அறுக்கிற வேலை பார்த்தவள் அவள். அந்தப் பழக்கத்தில் கத்தியைச் சுடவைத்து அவளே அறுத்து எடுத்தது.

"நல்லா பாத்து சொல்லு மாமா."

"பாத்துட்டுத்தான்மே சொல்றேன். ஓரம் ஏழு. மொகம் நாலு."

"தீப்பெட்டிக்கு எத்தினி மொகம்?"

"ஆறு."

"அப்போ இதுக்கு?"

அவன் மறுபடி கட்டையைத் தூக்கிப் பார்த்தான். வலது ஆள்காட்டி விரல் ஒவ்வொரு விளிம்பாகத் தொட்டுக்கொண்டு போனது. தொட்டதெல்லாம் வலது பக்கத்து விளிம்புகள். நடுவரைக்கும் வந்த விரல், அத்தோடு உலகம் முடிந்துவிட்டதுபோல நின்றது.

"நாலுதான். நீ வேற மாதிரி செஞ்சிருக்க."

அவள் கட்டையைத் திருப்பிக் காட்டினாள். அதுவரை இடது பக்கம் இருந்த முகம் வலது பக்கம் வந்தது.

"அட" என்றான் அவன். "இது எங்கேர்ந்து வந்துச்சு? பேசிக்கினு இருக்கும்போதே ஒட்டிட்டியா?"

சொல்லிவிட்டுச் சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்துவிட்டு, கட்டையைப் பழையபடி திருப்பி அவன் மடியில் வைத்தாள்.

ஷிப்டு முடிந்து வரும்போது கவரைப்பேட்டைக்கு அருகில் ஒரு நாய் குறுக்கே வந்து பைக் சறுக்கி விழுந்ததில் அவனுக்குத் தலையில் அடி. வலது பக்கம். ஹெல்மெட் பெட்ரோல் டேங்கின் மேல் இருந்தது. சென்னை ஆஸ்பத்திரியில் பிழைத்து வந்தான். பேச்சு வந்தது, நடை வந்தது, பழைய கிண்டலும் வந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஷைனியும் அப்படித்தான் நினைத்தாள். தட்டில் இடது பக்கத்துச் சோறு அப்படியே மிச்சம் இருக்கும். பசி இல்லை போலிருக்கிறது என்று நினைப்பாள். கொஞ்ச நேரம் கழித்து அவன் இன்னும் சோறு கேட்பான். ஒருநாள் கண்ணாடி முன்னால் நின்று சவரம் செய்துவிட்டு வந்தான். வலது கன்னம் பளபளவென்று இருந்தது, இடது கன்னத்தில் தாடி அப்படியே இருந்தது. "எப்டி கீறேன்?" என்று கேட்டான்.

டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். கண்ணில் குறை இல்லை. இடது பக்கத்தைக் கண் பார்க்கிறது, மூளை அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. அப்படி ஒரு பக்கம் இருக்கிறது என்ற நினைப்பே அவருக்கு வராது. பழக்கிப் பழக்கித்தான் வரவழைக்க வேண்டும். எந்தப் பொருளானாலும் இடது ஓரத்தில் சிவப்பாக ஒரு அடையாளம் வையுங்கள், சிவப்பு கண்ணில் படுகிறவரை தேடச் சொல்லுங்கள். நாளாகும். வரும், ஆனால் நாளாகும்.

நாளாகும் என்றால் எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார் என்று பயமாக இருந்தது.

எண்ணிப் பழக்கத் தெர்மாகோலில் கட்டைகள் அறுத்து, சிவப்பு ரிப்பனை வெட்டி அவற்றின் இடது விளிம்புகளில் ஒட்டினாள். தட்டின் இடது ஓரத்தில் நகப்பூச்சால் கோடு போட்டாள். "சிவப்பு எங்க மாமா?" என்பாள். அவன் தலை மெல்லத் திரும்பும். பாதி வழியில் அலுத்துப்போய் நின்றுவிடும். சில நாள் கோடு வரைக்கும் போகும். ஒருமுறை அவனாகவே தேடிப் பிடித்து, கனசதுரத்துக்குப் பதினொன்று என்றான். ஒன்றே ஒன்றுதான் குறைந்தது. அன்றைக்கு அவள் பக்கத்துப் போர்ஷனுக்கெல்லாம் கேசரி கிண்டிக் கொடுத்தாள். மறுநாள் மறுபடி ஏழு.

அவனுக்குத் துக்கம் இல்லை என்பதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. எதை இழந்தோம் என்று தெரிந்தவர்களுக்குத்தானே துக்கம். அவன் உலகத்தில் எதுவும் குறையவில்லை, அது முழுதாகத்தான் இருந்தது. இரண்டு பேர் பட வேண்டிய துக்கத்தை அவள் ஒருத்தியே பட வேண்டியிருந்தது. சில சமயம் அவன் நிம்மதியாகத் தூங்குவதைப் பார்த்தால், எழுப்பி, இடது பக்கம் பார் என்று கத்தலாம்போல இருக்கும்.

குப்புராஜ் ஒரு சாயங்காலம் வாழைப்பழச் சீப்போடு வந்தான். கம்பெனியில் தகட்டை அழுத்தி வெட்டுகிற பிரஸ் மிஷின் வரிசையில் சாலமோனோடு வேலை பார்த்தவன். வலது கையில் இரண்டு விரல் மிஷினில் போன பிறகு அவனைப் பயிற்சி அறைக்கு மாற்றியிருந்தார்கள். கம்பெனியில் அந்த அறைக்கு டோஜோ என்று பெயர். புதிதாக வருகிறவர்களும், நீண்ட லீவு முடிந்து வருகிறவர்களும் அங்கே தேறித்தான் மிஷினுக்குப் போக வேண்டும்.

சாலமோன் கொல்லைப் பக்கம் குளிக்கப் போனதும் குப்புராஜ் குரலைத் தாழ்த்தினான்.

"தங்கச்சி, வர்ற வாரம் இவன கூப்புடப் போறாங்க. ஒரே ஒரு சான்ஸு. அலுமினியக் கட்ட அஞ்சு குடுப்பாங்க. ஒவ்வொண்ணா கைல வாங்கி, மொகம் எத்தினி, ஓரம் எத்தினின்னு சொல்லணும். பிரஸ்ல வர்ற பீஸுல ஒரு ஓரம் விட்டாலும் பிசிறு நின்னுடும், கஸ்டமரு திருப்பி அனுப்பிடுவான். அதுக்குத்தான் இந்த டெஸ்டு. அஞ்சுல ஒண்ணு தப்புனாலும் ஊட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"வேற எதனா வேல இல்லயாண்ணா? பேக்கிங், கேட்டு, இந்த மாதிரி."

"பேக்கிங்ல ஃபுல்லா கான்ட்ராக்டு. இவன பிரஸ் ஆப்பரேட்டர்னு எடுத்தது. அதுக்குப் போனா போவலாம். இல்லன்னா பேரு போயிடும்."

ஷைனி கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கொல்லையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. சாலமோன் பாடிக்கொண்டே குளித்தான்.

"எண்ணுறானா?" என்று கேட்டான் குப்புராஜ்.

அவள் தலையை ஆட்டினாள். இல்லை என்று.

அவன் வாழைப்பழச் சீப்பிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்து, உரிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்.

"எண்ணவே தேவயில்ல தங்கச்சி. டிரேல வரிச எப்பவும் ஒண்ணுதான். மொதல்ல டப்பா, ஆறு பன்னெண்டு. அப்புறம் கூடாரம், அஞ்சு ஒம்பது. கோபுரம், அஞ்சு எட்டு. நட்டு, எட்டு பதினெட்டு. கடசியா அஞ்சுபக்கக் கோபுரம், ஆறு பத்து. எழுதாத. மனசுல வெச்சிக்கோ. அவன மனப்பாடம் பண்ண வையி. என் பேரு வெளிய வந்தா நானும் ஊட்லதான் உக்காரணும்."

பள்ளிக்கூடத்தில் பட்டகம், பிரமிடு என்று படித்ததற்குத்தான் கம்பெனியில் இந்தப் பெயர்கள் என்று அவளுக்குப் புரிந்தது. முக்கோணப் பட்டகம் கூடாரம். அறுகோணப் பட்டகம் நட்டு.

"அண்ணா, உங்களுக்கு வெரல் போன மிஷினுதானே அது?"

கேட்டிருக்கக் கூடாது. அவன் கோபப்படவில்லை.

"வெரல் போச்சு, வேல இருந்துச்சு. அதனால பொண்டாட்டி புள்ளைங்க முன்னாடி நிமிந்து உக்காந்துகினு கீறேன். வேல போனவன நீ பாத்ததில்ல தங்கச்சி. எங்கப்பன நான் பாத்துருக்கேன்."

குளித்துவிட்டு வந்த சாலமோன், "இன்னாடா, என் பொண்டாட்டிகிட்ட ரகசியம் பேசிக்கினு கீற?" என்றான்.

"ஒன்ன தள்ளி உட்டுட்டு வேற நல்ல எடமா பாத்துக்கச் சொல்லிக்கினு இருந்தேன்."

"பாத்தியாமே, இவன் வாங்கியாந்த பழத்த தொடாத. மருந்து வெச்சிருப்பான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிரஸ் வரிசையில் நிற்கும்போது இப்படித்தான் சிரித்திருப்பார்கள் என்று ஷைனி நினைத்தாள். ஒரு நிமிடம் வீடு பழைய வீடு ஆனது. அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் அவள் ஒத்துக்கொண்டாள் என்று பிறகு தோன்றியது.

மனப்பாடம் செய்விக்கும் முன்பு ஒரே ஒரு தடவை நேர் வழியை முயன்று பார்த்தாள். எட்டாம் வகுப்பில் படித்த ஒரு சுருக்கு அவளுக்கு நினைவிருந்தது. எல்லா விளிம்பையும் எண்ண வேண்டாம், அடியில் எத்தனை பக்கம் என்று மட்டும் பார்த்தால் போதும். பட்டகமானால் அதைப்போல மூன்று மடங்கு விளிம்பு, பிரமிடானால் இரண்டு மடங்கு. அவனுக்கு அது உடனே புரிந்தது. அவள் தெர்மாகோலில் அறுத்துவைத்திருந்த நட்டை எடுத்து அடிப்பக்கத்தைப் பார்த்தான். "மூணு பக்கம். மூணு மூணு ஒம்பது" என்றான். பெருக்கல் சரி. வழி சரி. அறுகோணத்தில் பாதியைத்தான் அவன் பார்த்திருந்தான்.

அன்று சாயங்காலமே சிவப்பு ரிப்பன்களைப் பிய்த்து எடுத்தாள். இரண்டு வழியும் ஒன்றாக நடக்காது. தேடு, தேடு என்று சொல்லிக்கொண்டே, தேடாதே, சொல் என்றும் எப்படிச் சொல்வது? தேடுவதற்கு நாளாகும். சொல்வதற்கு ஒரு வாரம் போதும்.

அவனுடைய ஞாபகசக்தி கொஞ்சமும் கெட்டிருக்கவில்லை. இரண்டாம் நாளே ஐந்தையும் ஒப்பித்தான். காய் நறுக்கும்போது கேட்பாள், துணி காயப்போடும்போது கேட்பாள்.

"நாலாவது?"

"நட்டு. எட்டு, பதினெட்டு."

"கடசி?"

"ஆறு பத்து. கேள்வி கொஞ்சம் கஷ்டமா கேளுமே, தூக்கம் வருது."

ஒன்றை மட்டும் கற்றுக்கொடுக்கச் சிரமப்பட்டாள். கட்டையைக் கையில் வாங்கியதும் பட்டென்று சொல்லிவிடக் கூடாது. எண்ணுவதுபோல விரலை ஓட்ட வேண்டும். எண்ணுவதுபோல என்று சொன்னதும் அவன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். வலது பக்கத்து விளிம்புகளை மட்டும் தொட்டுவிட்டு, தெளிவான குரலில், பதினெட்டு என்றான். பார்க்கிறவர்களுக்குச் சந்தேகமே வராது. அவள் செய்துவைத்த பொய் அவளைவிடத் திருத்தமாக அவன் வாயிலிருந்து வந்தது.

மாமியார் கன்னியம்மா செவ்வாப்பேட்டையிலிருந்து மீன் குழம்போடு வந்திருந்தபோது அவன் அவளுக்கும் ஒப்பித்துக் காட்டினான். எதைப்பற்றிய எண்கள் என்று அவளுக்குத் தெரியாது. மகன் தடுமாறாமல் சொல்கிறான் என்பது மட்டும் தெரிந்தது. முட்டி போட்டு ஜெபம் பண்ணினாள். எழுந்து வந்து ஷைனியின் கன்னத்தைத் தடவினாள்.

"நீ டீச்சரம்மாவா போயிருக்கணும்டி. வேலைக்கிப் போயிடுவான்ல?"

"போயிடுவாரு அத்த."

"எம்மூத்தவன் ஊட்ல ஒரு ரூம காலி பண்ணி வெச்சிட்டேன், இவன் வந்துட்டா எங்க படுப்பான்னு. தம்பி வந்து உக்காந்துக்குவானோன்னு மூத்த மருமவ மூஞ்சியே செத்துப் போச்சு. இனிமே அந்தப் பேஜாரு இல்ல."

ஷைனிக்கு அந்த அறை தெரியும். ஜன்னல் இல்லாத அறை. அதில் சாலமோன் உட்கார்ந்திருப்பான். அண்ணி வைக்கும் தட்டில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் சோறு கேட்பான். யாரும் அவனைப் பார்த்துச் சிரிக்கக்கூட மாட்டார்கள்.

ஆனால் இது மட்டும்தான் காரணமா? பாத்திரம் தேய்க்கும்போது, வேறு யாரும் கேட்காத கேள்வியை அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். காலையில் அவன் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கிளம்பிப் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு, சுவரில் சாய்ந்து சும்மா உட்கார வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. யாருடைய இடது பக்கத்தையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாத ஒரு பகல். அவன் வேலைக்குப் போவதை ஆசைப்படுகிறேனா, வீட்டை விட்டுப் போவதை ஆசைப்படுகிறேனா? இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன. பிரித்துப் பார்க்கத் துணிவில்லை.

டெஸ்டுக்கு முந்தின நாள் மதியம். சாப்பாடு ஆகியிருந்தது. அவன் உற்சாகமாக இருந்தான்.

"உனுக்கு என் வேல இன்னான்னே தெரியாதில்ல? வா, காட்டறேன்."

அடுப்பு மேடைக்கு முன்னால் போய் நின்றான். மேடைதான் மிஷின். பெடல் மிஷின், பழைய வரிசை. இடது கையால் தகட்டை உள்ளே தள்ள வேண்டும். கையை எடுக்க வேண்டும். வலது காலால் பெடலை மிதிக்க வேண்டும். மேலேயிருந்து அச்சு இறங்கும். ஏறியதும் வலது கையால் பீஸை வெளியே எடுக்க வேண்டும். மறுபடி இடது கை.

"தள்ளு, எடு, மிதி, வாங்கு. தள்ளு, எடு, மிதி, வாங்கு" என்று அவன் வாயால் தாளம் போட்டான். அழகாக இருந்தது. உடம்பு முழுவதும் அந்தத் தாளத்துக்கு ஆடியது. அவனை இவ்வளவு அழகாக அவள் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

"தள்ளு" என்றான். இடது கை உள்ளே போனது.

"எடு" என்றான். கை அங்கேயே இருந்தது.

"மிதி." வலது கால் தரையில் அழுந்தியது. "வாங்கு." வலது கை வந்து, இல்லாத பீஸை எடுத்துப் போட்டது. இடது கை மேடையின் மேல் விரல்களை விரித்தபடி கிடந்தது. "தள்ளு, எடு, மிதி, வாங்கு." வாய் தாளம் தவறவில்லை. கால் தவறவில்லை. கை மட்டும் மறக்கப்பட்டு, யாரோ வைத்துவிட்டுப் போன பொருள்போல அங்கேயே இருந்தது.

"எப்டி?" என்று திரும்பினான். வியர்த்திருந்தது.

"நல்லா கீது மாமா" என்றாள்.

பிறகு பாத்திரங்களை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய், தேவைக்கு மேல் சத்தம் வரத் தேய்த்தாள். வெறும் மேடைதானே. உண்மையான மிஷின் என்றால் உடம்புக்குப் பயம் தெரியும். சத்தத்திலேயே கை தானாக வந்துவிடும். பழகின கை. பக்கத்தில் ஆள் இருப்பார்கள், பார்த்துக்கொள்வார்கள். நம்புவதென்று தீர்மானித்துவிட்டால் மனம் எங்கிருந்தாவது ஒரு காரணத்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிடுகிறது. அவள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். சாயங்காலம் மறுபடி உட்காரவைத்து, ஐந்து கட்டைக்கும் கேட்டாள். ஐந்தும் சரி.

காலையில் ஷேர் ஆட்டோவில் போனார்கள். அவனுடைய இடது கன்னத்தை அவளே சவரம் செய்துவிட்டிருந்தாள். யூனிபாரத்தின் இடது காலர் உள்ளே மடிந்திருந்ததை ஆட்டோவிலேயே சரிசெய்தாள். சிப்காட் ரோட்டில் லாரிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. கம்பெனி கேட்டுக்கு உள்ளே, செக்யூரிட்டி அறைக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்சு. கூப்பிடுகிறவரை அங்கே உட்காரச் சொன்னார்கள்.

பிரஸ் ஷாப்பின் சத்தம் தரை வழியாக உள்ளங்காலுக்கு வந்தது. சாலமோன் தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"மூணாவது மிஷினு. கிளட்சு லூசா கீது, கேக்குதா? நான் இருந்தப்போ அப்டி இல்ல. எவனோ கெடுத்து வெச்சிக்கீறான்."

ஷிப்டு மாறி வெளியே வந்தவர்கள் அவனைப் பார்த்ததும் நின்றார்கள்.

"இன்னா சாலமோனு, மாப்ள மாதிரி வந்துகீற?"

"என் மிஷின எவனாவது தொட்டீங்க, அவ்ளோதான்."

"மிஷினா? அது உன்ன மறந்துட்டு வேற ஆளோட ஓடிப்போச்சு."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். வீட்டில் சிரிக்கிற சிரிப்பு இல்லை இது. இதை ஷைனியால் எத்தனை கேசரி கிண்டினாலும் கொடுக்க முடியாது. இந்த மனிதர்கள் நடுவில்தான் அவன் முழு ஆள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

குப்புராஜ் டோஜோவிலிருந்து வந்து, தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நின்று அவளுக்கு ஜாடை காட்டினான். அவள் பாட்டிலை எடுத்துக்கொண்டு போனாள். அவன் குழாயைத் திறந்து கை கழுவுவதுபோல நின்றான்.

"தங்கச்சி, அஞ்சாவது கட்ட மாறிடுச்சு. புதுசா வந்த சேஃப்டி ஆபிசரு காலைல டிரேய பாத்துட்டு, எல்லாரும் இத மனப்பாடம் பண்ணி வந்துடறாங்கன்னு கடசிக் கட்டய தூக்கிட்டாரு. அஞ்சுபக்கத் தூணு வெச்சிருக்காரு. கோபுரம் இல்ல, தூணு. ஏழு, பதினஞ்சு. புரியுதா? ஏழு, பதினஞ்சு. மத்த நாலும் அதேதான். கேமரா கீது, நான் அவன்கிட்ட போவ முடியாது. நீ சொல்லிடு."

"சரிண்ணா."

"ரெண்டே நம்பரு. சொல்லிடு."

அவன் போய்விட்டான். அவள் பாட்டில் நிறைந்து வழிகிறவரை நின்றாள். ஏழு, பதினைந்து. குப்புராஜ் சொல்லாமலே அவளுக்கே தெரியும். ஐந்து பக்கம், பட்டகம், மூன்று மடங்கு.

பெஞ்சுக்குத் திரும்பி அவன் வலது பக்கத்தில் உட்கார்ந்தாள். இடது பக்கம் உட்கார்ந்தால் அவனுக்கு அவள் இல்லை.

"இன்னா சொன்னான்?"

"கடசிக் கட்ட மாறிடுச்சாம்."

அவன் முகத்தில் ஒரு நொடி திகில் வந்து போனது. பிறகு தோளை ஆட்டினான்.

"சரி, சொல்லு. எத்தினி?"

அவள் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஷைனி. இன்னா கட்ட?"

"அஞ்சுபக்கத் தூணு."

"மொகம்?"

பாட்டிலின் மூடி சரியாகத் திருகப்படவில்லை. தண்ணீர் அவள் புடவையில் ஒழுகியது. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு எண்கள். சொல்லிவிட்டால் அவன் எழுந்து உள்ளே போவான். மதியம் கன்னியம்மாவுக்குப் போன் செய்யலாம். நாளைக் காலை வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். நாக்கு நுனி வரைக்கும் வந்திருந்தது. ஏழு என்று சொல்ல வாயைக்கூடத் திறந்தாள். அடுப்பு மேடையில் விரல்களை விரித்தபடி கிடந்த கை கண்முன் வந்தது.

"விளையாடாதமே, டைம் இல்ல. கூப்புட்ருவாங்க."

"நீயே எண்ணிப் பாரு மாமா. உள்ள போயி பொறுமையா…"

"நான் எண்ணுனா தப்பாவுது."

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் குரலில் கிண்டல் இல்லை.

"எனுக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினு கீறியா?" என்றான். "எண்ணுறப்போ எல்லாம் சரியாத்தான் கீது. ஒண்ணும் வுடலன்னுதான் தோணுது. எண்ணி முடிச்சிட்டு ஒன் மூஞ்சியப் பாப்பேன். அப்பத்தான் தெரியும், தப்புன்னு. எத்தினி தப்புன்னு தெரியாது. எங்க தப்புன்னும் தெரியாது. தப்புன்னு மட்டும் தெரியும்."

இத்தனை நாளும் அவன் தன் சின்ன உலகத்தில் நிம்மதியாக இருக்கிறான் என்று நினைத்திருந்தாள். அதற்காக அவன்மேல் பொறாமைகூடப் பட்டிருந்தாள். அவனோ தினமும் அவள் முகத்தைப் பார்த்துத் தன் குறையை அளந்துகொண்டிருந்திருக்கிறான். அந்தச் சிரிப்பெல்லாம் அவளுக்காகச் சிரித்தது.

"அதான் கேக்குறேன்" என்றான். "இந்த ஒரு தடவ சொல்லிடு. உள்ள போயிட்டேன்னா நான் பாத்துக்குவேன்."

"உள்ள நான் இருக்க மாட்டேனே மாமா."

"இன்னா?"

"நீ தப்பு பண்ணா பாக்குறதுக்கு என் மூஞ்சி அங்க இருக்காது."

அவன் புரிந்துகொண்டான். புரிந்துகொண்டது அவன் கண்ணில் தெரிந்தது. அப்படியும் கேட்டான்.

"நான் அண்ணன் ஊட்ல போயி உக்காரணுமா? அதத்தானே சொல்ற?"

உட்கார வேண்டாம், நான் வேலைக்குப் போகிறேன், ஏதாவது செய்வோம், வேறு வழி வரும். எதையும் சொல்ல வாய் வரவில்லை. எந்த வழியும் அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. தெரியாத ஒன்றை இருக்கிறது என்று அவனிடம் இனிமேல் சொல்ல முடியாது.

செக்யூரிட்டி ஆள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "சாலமோன், டோஜோ" என்றான்.

சாலமோன் எழுந்தான். போகவில்லை. அவள் முன்னால் நின்றான். வலது கையால் அவள் தோளைப் பிடித்தான். பிடி அழுத்தமாக இருந்தது. இடது கை பக்கவாட்டில் தொங்கியது.

"ரெண்டு நம்பருமே. ஒன்ன கெஞ்சிக் கேக்குறேன்."

"சார், கூப்புடறாங்க" என்றான் செக்யூரிட்டி மறுபடி.

"ஷைனி."

அவள் அவன் கையைத் தோளிலிருந்து எடுக்கவில்லை. கண்ணையும் தாழ்த்தவில்லை.

"சொல்ல மாட்டேன் மாமா" என்றாள். செக்யூரிட்டி அறைக்குக்கூடக் கேட்காத குரலில்.